ஹவுசிங் மாற்றிய ஜீப் உதறுகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

பின் ஹவுசிங்கை, அதாவது பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸில் கூட்டை மாற்றிய மறுநாள் விடியற்காலை, வேலூர் கிரீன் சர்க்கிளைத் தாண்டிப் பள்ளிகொண்டா பக்கம் ஜீப்பை விட்டேன். 50 வரை ஒரு குறையும் இல்லை. 55ஐத் தொட்டதும் தரைத் தகடு முனக ஆரம்பித்தது. 60ல் சீட்டுக்கு அடியில் மாவு மெஷின் ஓடுவது போல இருந்தது. காலை எடுத்தால் அடங்குகிறது, அழுத்தினால் திரும்ப வருகிறது.

அடுத்த ஒரு மாதம் நான் செய்ததை யாரும் செய்ய வேண்டாம். மூன்று முறை வீல் பேலன்சிங், இரண்டு புது டயர், ஒரு செட் கிராஸ் (என்ஜின் பக்கமிருந்து ஹவுசிங்குக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் முனைகளில் உள்ள சிலுவை மூட்டு). காசு போனதே தவிர உதறல் போகவில்லை. கடைசியில் ஒரு லேத்து பாய் வண்டிக்கு அடியில் படுத்து, சாக்பீஸும் ரசமட்டமும் வைத்து இருபது நிமிடத்தில் சொன்னார்: "தம்பி, ரெண்டு தப்பு இருக்குது. ஒண்ணு நீங்க மாட்டினது, இன்னொண்ணு வெல்டிங் வச்சவன் பண்ணது. டயர் பாவம், அது ஒண்ணும் பண்ணலை."

அன்று அவர் பார்த்த வரிசையையும் அப்புறம் நானே கற்றுக்கொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆக்ஸில் மாற்றியதற்குப் பிறகு வந்த உதறலா? அப்படியென்றால் அந்த மாற்றத்தில் எது மாறியதோ அங்கேதான் முதலில் தேட வேண்டும். மாறுபவை ஐந்து: பினியனின் (ஷாஃப்ட் சுழற்றும் சிறு பல்சக்கரம்) சாய்வு, ஷாஃப்டின் நீளம், கிரவுன் ரேஷியோ (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனுக்கும் பினியனுக்கும் உள்ள பல் விகிதம்), ஹவுசிங் உட்கார்ந்த இடம், கழற்றி மாட்டிய இணைப்புகள். டயர் இந்தப் பட்டியலில் இல்லை.

முன்கூட்டியே ஒன்று. ஆக்ஸில் மாற்றுவது வண்டியின் அமைப்பையே மாற்றும் வேலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதற்குப் பொருந்தும். ஆர்.சி. விஷயத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். இனி வேலைக்கு வருவோம்.

முதலில் கழுவுங்கள்

சிரிக்காதீர்கள். மழைக்காலத்தில் ஏரிக்கரையிலோ ஜவ்வாது மலைப் பாதையிலோ ஓட்டிவிட்டு வந்தால், ரிம்முக்கு உள்பக்கம் ஒரு கை சேறு ஒட்டிக் காய்ந்திருக்கும். நம் ஊர் வெயிலில் அது செங்கல் மாதிரி ஆகிவிடும். ஷாஃப்டின் மேலும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய சேறே நல்ல ஷாஃப்டை உதற வைக்கப் போதும். நான்கு சக்கரத்தின் உள்பக்கம், ஷாஃப்ட், இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவையான யோக் எல்லாவற்றையும் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்யுங்கள். அப்போதே ஷாஃப்டில் பேலன்ஸுக்காக ஒட்டவைத்த சிறு தகடுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு தகடு உதிர்ந்த தடம், அதாவது சதுரமாக ஒரு வெல்டிங் வடு மட்டும் தெரிந்தால், அதைக் குறித்து வையுங்கள்.

ரோட்டில் நான்கு சோதனை

டயர் காற்றைச் சமமாக வைத்து, போக்குவரத்து குறைந்த நேரத்தில் கிளம்புங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும். ஓட்டுகிறவர் ரோட்டை மட்டும் பார்க்க வேண்டும்.

உதறல் எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே உச்சம், எங்கே அடங்குகிறது என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு அதே வேகத்தில் டாப் கியரிலும் ஒரு கியர் கீழேயும் ஓட்டிப் பாருங்கள். என்ஜின் சுற்று மாறியும் உதறல் மாறவில்லை என்றால், அது கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. கியரோடு சேர்ந்து மாறினால் கிளட்ச், என்ஜின் மவுண்ட் பக்கம் போங்கள். இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

மூன்றாவதுதான் முக்கியமான சோதனை. உதறும் வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை அதன் போக்கில் ஓடவிடுங்கள். என்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள், பிரேக் பூஸ்டர் செத்துவிடும். நியூட்ரலிலும் உதறல் அப்படியே இருந்தால் சுற்றுகிற ஏதோ ஒன்று பேலன்ஸ் தப்பியிருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது: டயர், டிரம், ஷாஃப்ட். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, விட்டதும் போனால் கோணத்தைச் சந்தேகியுங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டியில் இழுவை ஏறும்போது ஹவுசிங் முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கை மேலே தூக்கும். அந்த நொடியில் கோணம் கெடுகிறது. விடும்போது மட்டும் வந்தால் அதுவும் கோணம்தான், அல்லது பினியன் பேரிங் ஆட்டம்.

நான்காவது, மேடு. கணியம்பாடி வழியாக அமிர்தி பக்கம் போகும் சாலையில் அல்லது ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் நின்று கிளம்பிப் பாருங்கள். கிளம்பும்போதே 'தடதட'வென்று உலுக்கி, 20ஐத் தாண்டியதும் அடங்கினால், பேலன்ஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அவ்வளவு குறைந்த சுற்றில் பேலன்ஸ் குறை வெளியே தெரியாது.

எண்ணிப் பார்த்தால் பாதி விடை

உதறலின் தாளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 235/75 ஆர் 15 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.3 மீட்டர் போகும். 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். அப்போது சக்கரம் நிமிடத்துக்கு 435 முறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 7 முறை சுற்றும். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் ரேஷியோ 4.1. ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 1780, நொடிக்கு 30 முறை சுற்றும்.

நொடிக்கு 7 என்பதைக் கையால் எண்ண முடியாவிட்டாலும் உடம்பு உணரும். ஸ்டீயரிங் ஆடும், இடுப்பு குலுங்கும். அது டயர், ரிம், டிரம். நொடிக்கு 30 என்பது குலுக்கல் இல்லை, ஒரு முனகல். கண்ணாடி மங்கலாகும், கியர் லீவர் கிறுகிறுக்கும். அது ஷாஃப்ட். கிராஸ் கோணம் தப்பினால் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு, ஆகவே நொடிக்கு 60. அது காதில் அடைப்பது போன்ற உறுமலாகக் கேட்கும். போனில் அதிர்வெண் காட்டும் செயலி ஏதாவது இருந்தால் அதைத் தரையோடு அழுத்தி வைத்து எண்ணையே படித்துவிடலாம்.

புது ஹவுசிங்கின் ரேஷியோ தெரியாது என்றால், கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃப்ரென்ஷியல் பாதியாக்கிவிடுவதால்தான் இரண்டு சுற்று. இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் போட்ட ஹவுசிங்குக்கு இது ஒத்துவராது. முன்பக்கமும் இதே மாதிரி எண்ணுங்கள். முன்னும் பின்னும் வேறு வேறு என்றால் அதிர்வை விடப் பெரிய சிக்கல் உங்களிடம் இருக்கிறது. கெட்டித் தரையில் ஃபோர் வீல் போட்ட உடனே வண்டி கட்டிப்பிடித்துக்கொண்டு, முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும் வரை போகும். பழைய ஜீப்பில் 43க்கு 8, அதாவது 5.38 ரேஷியோவை வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் 4.1 மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வண்டிக்கு அடியில்: கையால் பார்ப்பவை

சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, கியர் நியூட்ரலில், ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கிராஸில் கண்ணுக்குத் தெரிந்த ஆட்டம் இருந்தால் அதை மாற்றாமல் மேலே போவதில் பயன் இல்லை. புதுக் கிராஸ் போட்டிருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். மாட்டும்போது ஒரு ஊசி பேரிங் கப்புக்குள் குறுக்கே விழுந்துவிட்டால் கப் முழுதாக இறங்காது, சர்க்லிப் பள்ளத்தில் உட்காராது, ஷாஃப்ட் மையம் தப்பிச் சுற்றும். யோக்கின் யூ போல்ட்டை வெறிகொண்டு முறுக்கினால் கப் நசுங்கும், அதுவும் இதே விளைவுதான்.

பினியன் ஃபிளாஞ்சை (ஷாஃப்டை மாட்டும் முகத் தகடு) பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். துளி ஆட்டமும் கூடாது. ஆயில் சீல் மாற்றுவதற்காக யாராவது பினியன் நட்டைக் கழற்றித் தோராயமாக முறுக்கியிருந்தால் பேரிங் முன்னழுத்தம் போயிருக்கும். ஊளையிடும் சத்தமும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது ஷாஃப்டின் ஸ்ப்லைன், அதாவது ஷாஃப்ட் நீளவும் குறுகவும் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் பல் வெட்டிய பகுதி. வண்டி நின்ற நிலையில் சறுக்கும் பகுதி ஏறத்தாழ நடுவில் இருக்க வேண்டும். புது ஹவுசிங் சற்றுப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, பழைய ஷாஃப்டையே மாட்டியிருந்தால், ஸ்ப்லைன் நுனியில் மட்டும் பிடித்துத் தொங்கும். அந்த ஆட்டத்தை எந்த பேலன்சிங்கும் தீர்க்காது. ஷாஃப்டைத்தான் நீட்ட வேண்டும்.

யோக் நேர்: ஐந்து நிமிட வேலை

பாய் சொன்ன முதல் தப்பு இதுதான், என் கைங்கரியம். ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள யோக் காதுகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கிராஸ் ஒன்று கோணத்தில் சுற்றும்போது மறுமுனை ஒரே சீரான வேகத்தில் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 10 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் மேலும் கீழும் ஒன்றரை சதவீதம். முன் கிராஸ் செய்யும் குளறுபடியைப் பின் கிராஸ் எதிர்த்துச் சரிக்கட்டுவதால்தான் பினியன் சீராகச் சுற்றுகிறது. யோக் நேர் தப்பினால் சரிக்கட்டுதல் கெட்டுவிடும்.

ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது ஸ்ப்லைனை உருவிவிட்டு, பிறகு கண்மதிப்பில் செருகினேன். 16 பல் உள்ள ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளினாலே 22.5 டிகிரி போய்விடும். கண்ணுக்கு "நேராத்தானே இருக்குது" என்றுதான் தோன்றும். நிறைய ஷாஃப்டுகளில் இரண்டு பகுதியிலும் அம்புக்குறி அடித்திருப்பார்கள். துருவைத் தேய்த்துவிட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் கழற்றி மேசையில் வைத்து, ஒரு முனையின் காதுகளை ரசமட்டத்தால் படுக்கையாக்கி, மறுமுனையையும் பாருங்கள். இனி எப்போது கழற்றினாலும் முதலில் பெயின்ட் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

இதைச் சரிசெய்ததும் என் வண்டியில் பாதி உதறல் போனது.

கோணம்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

வண்டி சமதரையில், நான்கு சக்கரத்திலும் முழு எடையுடன், வழக்கமாக ஏற்றும் சாமான்களோடு நிற்க வேண்டும். சேஸிஸைத் தூக்கிவிட்டு ஹவுசிங் தொங்கும்போது அளந்தால் எல்லாம் பொய். காந்தம் உள்ள டிஜிட்டல் கோணமானி கிடைத்தால் நல்லது. போனில் உள்ள ரசமட்டச் செயலியும் ஒரு டிகிரி வரை நம்பலாம். வெயிலில் நின்ற வண்டியை அளக்காதீர்கள். இரும்பு சுடும், அவசரமாகப் படிப்பீர்கள், தப்பாக எழுதுவீர்கள்.

மூன்று எண் வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் அவுட்புட்டின் சாய்வு, ஷாஃப்ட் குழாயின் சாய்வு, பினியனின் சாய்வு. அவுட்புட்டையும் பினியனையும் ஃபிளாஞ்சின் கடைந்த முகத்தில் வைத்து அளந்து 90லிருந்து கழியுங்கள். வார்ப்பின் கரடுமுரடான பகுதியில் வைக்காதீர்கள். பின்பக்கம் தாழ்வதைக் கூட்டல் என்று வைத்துக்கொள்வோம்.

என் வண்டியில் அவுட்புட் 4, ஷாஃப்ட் 13, பினியன் 0. முன் கிராஸ் கோணம் 13லிருந்து 4 போக 9. பின் கிராஸ் கோணம் 13. ஒன்றுக்கொன்று 4 டிகிரி வித்தியாசம். இரண்டும் சமமாக, அல்லது ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதாவது பினியனும் அவுட்புட்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். என் ஹவுசிங்கில் ஸ்பிரிங் சீட்டை (பட்டை ஸ்பிரிங்கில் உட்காரும் தகடு) வெல்டிங் வைத்தவர் பினியனைப் படுக்கையாக வைத்துவிட்டார். பாய் சொன்ன இரண்டாவது தப்பு இது.

பட்டை ஸ்பிரிங்கில் இழுவையின்போது பினியன் எழும்பும் என்று மேலே சொன்னேன். அதனால் நிற்கும்போது இணையிலிருந்து ஒன்று அல்லது இரண்டு டிகிரி தாழ்த்தி வைப்பது வழக்கம். நான் பட்டைக்கும் ஸ்பிரிங் சீட்டுக்கும் நடுவில் 3 டிகிரி இரும்பு ஆப்பு வைத்தேன். பினியன் மூக்கு ஏறியதும் ஷாஃப்டின் சாய்வும் ஒரு டிகிரி குறைந்து 12 ஆனது. முன் கோணம் 8, பின் கோணம் 9. இழுக்கும்போது இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். ஆப்பு வைத்த பிறகு மறுபடி அளக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

ஆப்பின் தடித்த பக்கம் எந்தப் பக்கம்? இதில் எல்லாருமே ஒருமுறை ஏமாறுவோம். பழைய ஜீப் மாதிரி ஹவுசிங் பட்டைக்கு மேலே உட்கார்ந்திருந்தால், பினியனைத் தூக்கத் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். உயரத்துக்காகப் பட்டையை ஹவுசிங்குக்கு மேலே ஏற்றியிருந்தால் தடித்த பக்கம் பின்னால். அலுமினிய ஆப்பு வாங்காதீர்கள், மலைப்பாதையில் நொறுங்கிவிடும். ஆப்பின் கனத்துக்கு ஏற்ப, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டை நீளமாகப் போடுங்கள். 5, 6 டிகிரி தேவைப்பட்டால் ஆப்பை நம்பாமல் ஸ்பிரிங் சீட்டையே வெட்டித் திருப்பி வெல்டிங் வைப்பதுதான் ஒழுங்கு. முன் ஹவுசிங்கில் இந்த வேலையைச் செய்யும் முன் யோசியுங்கள். அங்கே பினியனைத் திருப்பினால் ஸ்டீயரிங்கை நேராக நிற்க வைக்கும் காஸ்டர் கோணமும் சேர்ந்து மாறும், ஸ்டீயரிங் அலைபாயும்.

சமமாக இருந்தால் மட்டும் போதாது, கோணத்தின் அளவுக்கும் எல்லை உண்டு. ஷாஃப்ட் 1500 சுற்றில் 11.5 டிகிரி, 2000ல் சுமார் 8.7, 3000ல் 6க்குச் சற்றுக் கீழே என்பது ஷாஃப்ட் தொழிலில் புழங்கும் வரம்பு. குட்டை வீல்பேஸ் ஜீப்பைத் தூக்கிக் கட்டினால் இந்த வரம்பைச் சீக்கிரம் தொட்டுவிடுவோம். டிரான்ஸ்ஃபர் கேஸைச் சற்று இறக்குவது ஒரு வழி. மேல்முனையில் இரட்டைக் கிராஸ் உள்ள ஷாஃப்ட் போடுவது இன்னொரு வழி. ஆனால் அதற்குக் கணக்கு வேறு. அங்கே பினியன் அவுட்புட்டுக்கு இணையாக இருக்கக்கூடாது, ஷாஃப்டையே நேராகப் பார்த்து, ஒன்றிரண்டு டிகிரி மட்டும் தாழ்ந்து நிற்க வேண்டும்.

பக்கவாட்டுக் கோணம்

மேலிருந்து பார்க்கும் கோணத்தை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் டிஃப்ரென்ஷியல் உருண்டை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸின் வாயும் அதே பக்கம். நடு உருண்டை உள்ள ஹவுசிங்கை அங்கே மாட்டினால் ஷாஃப்ட் பக்கவாட்டிலும் சாயும். அவுட்புட் மையத்திலிருந்தும் பினியன் மையத்திலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியிடுங்கள். 800 மி.மீ. ஷாஃப்டுக்கு 100 மி.மீ. ஒதுங்கினாலே 7 டிகிரி. மேல் கீழ் 8, பக்கம் 7 என்றால் உண்மையான கோணம் 15 இல்லை. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்தால் சுமார் 10.6. அவுட்புட்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் இது சரிக்கட்டப்படும், ஆனால் மொத்த அளவு ஏறிவிடும். ஹவுசிங் வாங்கும் முன்பே இதைப் பார்ப்பது நல்லது.

அதே தூக்குக்குண்டை வைத்து இரு பக்க வீல்பேஸையும் அளந்துவிடுங்கள். சேஸிஸில் இருபுறமும் ஒரே ஓட்டையிலிருந்து ஹவுசிங்கின் முனைக்கு. 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் சென்டர் போல்ட் ஓட்டையில் உட்காரவில்லை, அல்லது சீட் கோணல்.

ஸ்டாண்டில் ஓட்டிப் பார்ப்பது

இன்னும் தீரவில்லையா? முதலில் முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு ரோட்டில் ஓட்டுங்கள். உதறல் போனால் இவ்வளவு நேரமும் தப்பான பக்கம் தேடியிருக்கிறோம்.

போகவில்லை என்றால் பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டை ஹவுசிங் குழாய்க்கு அடியில் வையுங்கள், சேஸிஸுக்கு அடியில் வேண்டாம். முன் சக்கரத்துக்கு இருபுறமும் முட்டு. டூ வீலில் மட்டும். பின் சக்கரங்களையும் டிரம்களையும் கழற்றிவிட்டு ஓட்டினால் டயரும் டிரம்மும் கணக்கிலிருந்து நீங்கிவிடும். டிரம் இல்லாதபோது பிரேக்கை மிதிக்கவே கூடாது, வீல் சிலிண்டர் பிதுங்கிவிடும். சீட்டில் ஒருவர், சற்றுத் தள்ளி ஒருவர். சுற்றும் ஷாஃப்டுக்கு அடியில் யாரும் போகக்கூடாது. லுங்கி, துண்டு, தொங்கும் சட்டை எதுவும் வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

அப்போதும் உதறினால் எல்லாம் நின்ற பிறகு அலைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். குழாயின் நடுவில் அரை மி.மீ.க்கு மேல் அலைந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது நீட்டும்போது கோணலாக வெல்டிங் வைத்திருக்கிறார்கள். ஃபிளாஞ்ச் அலைந்தால் அதைக் கழற்றி 180 டிகிரி திருப்பி மாட்டிப் பாருங்கள், சில சமயம் இரண்டு குறை ஒன்றையொன்று தின்றுவிடும்.

அலைவு இல்லாமல் பேலன்ஸ் மட்டும் தப்பியிருந்தால் ஹோஸ் கிளிப் வைத்தியம் உண்டு. பினியன் பக்கம் குழாயைச் சுற்றி நான்கு குறி போட்டு, ஒரு கிளிப்பின் திருகை ஒவ்வொரு குறியிலும் வைத்து ஓட்டுங்கள். எந்தக் குறியில் குறைகிறதோ அங்கே நிறுத்துங்கள். போதாவிட்டால் இரண்டாவது கிளிப். அதிகமானால் இரண்டு திருகுகளையும் சமமாக விலக்குங்கள். இது நோயறியத்தான். இடம் தெரிந்ததும் ஷாஃப்டைப் பேலன்சிங் மெஷின் உள்ள இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

முடித்த பிறகு

பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட்டுகளை முதல் 100 கி.மீ.க்குப் பிறகு கட்டாயம் மறுபடி முறுக்குங்கள். ஆப்பு வைத்த இடம் கொஞ்சம் அமுங்கும். கிராஸ் நிப்பிள்களில் நான்கு முனையிலும் கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். ஒரு முனையில் வரவில்லை என்றால் அந்தக் கப் பட்டினி கிடக்கிறது என்று பொருள்.

என் வண்டி இப்போது 70 வரை அமைதியாகப் போகிறது. 80ல் மெல்லிய உறுமல் இன்னும் இருக்கிறது. ஷாஃப்ட் சுற்று 2400ஐ நெருங்கும் அந்த வேகத்தில் 8 டிகிரி அதிகம், கணக்கே சொல்லிவிட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸை ஒரு அங்குலம் இறக்கலாமா என்று பாயிடம் கேட்டேன். "இறக்கலாம் தம்பி, அப்புறம் ஏரிக்கல்லுல தட்டும். ஜீப்பை வச்சுக்கிட்டு 80ல எங்க போறீங்க?" என்றார்.